சோதனைக்குள் மூன்றாவது மொழி

மென்பொருட் சோதனைகளை எந்த மொழியில் எழுதுவது என்று கிளிநொச்சி வாசகர் ஒருவர் கேட்ட கேள்வியை மட்டும் சென்ற இதழில் வெளியிட்டு, இடமின்மையால் பதிலை இவ்விதழுக்குத் தள்ளி வைத்திருந்தேன். இடைப்பட்ட நாட்களில் அதே விடயத்தைத் தொட்டு வன்னியின் பல பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்து சேர்ந்துவிட்டன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். எந்த மடிக்கணினி வாங்கலாம் என்று கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி (அறிவியல் நகர், கிளிநொச்சி): ஐயா, பாமினி எழுத்துருவில் தட்டப்பட்ட பழைய கோப்புகளை, ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் பொதுவான எண் தரும் யுனிகோட்டுக்கு மாற்றித் தரும் சிறிய திறந்த மூல மென்பொருள் ஒன்றை நாங்கள் ஐந்து பேர் பராமரித்து வருகிறோம். மென்பொருள் சி மொழியில் உள்ளது. அது சரியாக இயங்குகிறதா என்று தாமாகவே பார்க்கும் சிறு நிரல்கள், அதாவது சோதனைகள், முந்நூறுக்குச் சற்று மேல் இருக்கின்றன. அனைத்தும் ஷெல் ஸ்கிரிப்ட்கள், கட்டளை வரியில் தட்டும் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்புகள். புதிதாகச் சேர்ந்த இருவர் இனிவரும் சோதனைகளைப் பைதனில் எழுத வேண்டும் என்கிறார்கள். திட்டத்தைத் தொடங்கியவர் இப்போது கனடாவில் இருக்கிறார். அவரும் இன்னொருவரும் இந்தச் சிறிய திட்டத்துக்கு இரண்டு மொழிகளே போதும், மூன்றாவது வேண்டாம் என்று உறுதியாக நிற்கிறார்கள். நான் நடுவில் நிற்கிறேன். எந்தப் பக்கம் சாய்வது?

பதில்: பக்கம் சாய்வதற்கு முன்பு, புதியவர்கள் எந்தச் சோதனையை எழுதப் போய் ஷெல்லில் இடறினார்கள் என்று பார்க்க வேண்டும். நீங்கள் கடிதத்துடன் இணைத்திருந்த வெளியீட்டில் அது இருக்கிறது. ஏனைய வாசகர்களுக்காக அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

பாமினியில் ‘கிளிநொச்சி’ என்று பெறுவதற்குப் பதினொரு தட்டுகள் தேவை. அதில் ‘நொ’ வரும் இடத்தில் முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்து ந, அதற்கடுத்து அரவு என்று, கையால் எழுதும்போது கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே தட்டுகிறோம். யுனிகோட்டிலோ மெய் முதலில் வரும், உயிர்க்குறி அதன் பின்னால் வரும். மாற்றும் மென்பொருள் இந்த இடமாற்றத்தைச் செய்ய வேண்டும். அதைச் செய்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது: அந்த உயிர்க்குறியைக் கொம்பும் அரவும் சேர்ந்த ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பு ஒன்று அரவு ஒன்று என இரண்டு குறிகளாகவும் பதியலாம். முதல் முறையில் உங்கள் ஊர்ப்பெயர், யுனிகோட்டைக் கோப்பில் சேமிக்கும் யூ.டி.எப்-8 குறியேற்றத்தில் 30 பைட். இரண்டாம் முறையில் 33 பைட். திரையில் இரண்டுக்கும் ஒரு புள்ளி வேறுபாடும் தெரியாது. ஆகவே சோதனை தோற்றபோது உங்களுக்குக் கிடைத்த அறிக்கை இப்படி இருந்தது:

எதிர்பார்த்தது: கிளிநொச்சி
கிடைத்தது: கிளிநொச்சி

இதைப் பார்த்த புதியவர் ‘சோதனையே பிழை’ என்று முடிவு கட்டியதில் வியப்பில்லை. ஆனால் ஷெல் இங்கு தவறு எதையும் செய்யவில்லை. இரண்டு கோப்புகளையும் பைட் பைட்டாக ஒப்பிட்டது, அவை வேறு என்று சொன்னது, அது உண்மையும்கூட. இரண்டாம் முறையில் பதிந்த ஊர்ப்பெயரை, முதல் முறையில் தட்டித் தேடும் ஒருவருக்குப் பல மென்பொருட்கள் கண்டுபிடித்துக் கொடுக்கமாட்டா. இங்கு குறைந்தது விளக்கம் மட்டுமே. அந்த விளக்கத்துக்காக மட்டும் பைதன் வேண்டும் என்றால் நான் கனடாக்காரர் பக்கம்தான் நிற்பேன். ஏனெனில் தோற்ற வரியின் பைட்டுகளைப் பதினறும (16 ஐ அடியாகக் கொண்ட) எண்களாக அச்சிடும் கட்டளை ஒன்றை உங்கள் ஷெல் ஸ்கிரிப்டின் கடைசியில் சேர்த்தாலே முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆனால் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், போகிற போக்கில், இன்னொன்றும் சொல்லியிருக்கிறீர்கள். 247 எழுத்துகளையும் ஒன்றோடொன்று சோடி சேர்த்து, ஒவ்வொரு சோடியும் சரியாக மாறுகிறதா என்று பார்க்க அந்த இருவர் விரும்புகிறார்கள். 247 ஐ 247 ஆல் பெருக்கினால் 61,009. கொம்பு எந்த மெய்க்குரியது, அரவு எந்த மெய்க்குரியது என்ற குழப்பம் அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளின் எல்லையில்தான் பிறக்கிறது என்பதால், இது வீண் ஆசையும் இல்லை. ஆனால் 61,009 எதிர்பார்ப்பு விடைகளைக் கையால் எழுதிக் கோப்பில் வைக்க எவராலும் முடியாது. சோதனையே அவற்றைக் கணக்கிட்டுத் தர வேண்டும். மெய்யையும் உயிர்க்குறியையும் சேர்த்து, யுனிகோட் வரையறுத்த நியம வடிவத்துக்கு (எப்படிப் பதிந்தாலும் ஒன்றாகிவிடும் வடிவம்) கொண்டுவந்து ஒப்பிடும் அந்த வேலை பைதனில் முப்பது வரி. ஷெல்லில் எழுதினால், எழுதியவரே மறுமாதம் அதைத் திறந்து பார்க்க அஞ்சுவார்.

பைதன்தான் ஒரே வழி என்றும் சொல்லமாட்டேன். பேர்ள் மொழியின் 5.8 பதிப்பு 2002 இல் வந்தபோதே யுனிகோட் நியமமாக்கல் அதனுடன் சேர்ந்து வந்துவிட்டது. சி மொழியிலும் எழுதலாம். ஆயினும் உங்கள் ஐந்து பேரில் பேர்ள் தெரிந்தவர் யாருமில்லை என்கிறீர்கள். சி மொழியில் எழுதினால், சோதிக்கப்படும் நிரலில் உள்ள அதே வகைத் தவறு சோதனைக்குள்ளும் புகுந்து, இரண்டு தவறுகளும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

ஆகவே என் கருத்து இதுதான். விடையைக் கணக்கிட்டுப் பெற வேண்டிய சோதனைகளுக்கு மட்டும், தனிக் கோப்புறை ஒன்றில், பைதனை அனுமதியுங்கள். உள்ளீட்டுக் கோப்பு ஒன்று, எதிர்பார்க்கும் கோப்பு ஒன்று என்று இருக்கும் முந்நூறும் ஷெல்லிலேயே இருக்கட்டும். அவற்றைவிட எளிதாக வாசிக்கக்கூடிய சோதனையைப் பைதனால் தர முடியாது. சோதனையை எழுதுவது யாருக்கு இலகு என்று உங்கள் ஐந்து பேருக்குள் நிறைய வாதம் நடந்திருக்கிறது. நான் கேட்பது, அது தோற்கும் இரவில் அதை வாசிக்கப் போகிறவர் யார் என்று. உங்கள் திட்டத்தில் பெரும்பாலும் அவர் கனடாவில் இருக்கும் அந்த மனிதர்தான். அவரால் வாசிக்க முடியாத ஒன்றை அவருடைய நிரற் களஞ்சியத்துக்குள் வைப்பதானால், அவர் கூப்பிடும்போது எழுந்து வந்து வாசிக்க இருவராவது பெயர் கொடுக்க வேண்டும். ஒருவர் போதாது. ஒருவருக்குப் பரீட்சை வரும், வேலை கிடைக்கும், கலியாணம் நடக்கும்.

கேள்வி (வவுனியாப் பல்கலைக்கழக மாணவி): பெரிய திட்டங்களெல்லாம் இன்னும் பேர்ளிலும் ஷெல்லிலும் சோதனை எழுதுகின்றனவாமே. இது பழையவர்களின் பிடிவாதமா, அல்லது காரணம் ஏதும் இருக்கிறதா?

பதில்: பிடிவாதமும் கொஞ்சம் இருக்கிறது, அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் காரணம் அதைவிடப் பெரியது.

நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் தொடங்கிய அது சி மொழியில் இருக்கிறது. அதன் சோதனைகளில் மிகப் பெரும்பகுதி ஷெல். கிட் என்பது கட்டளை வரியில் தட்டப்படும் மென்பொருள் என்பதால், பயனர் தட்டுவதைப் போலவே தட்டிப் பார்க்கும் ஷெல் அதற்குப் பொருந்துகிறது. அண்மை ஆண்டுகளில் உள் உறுப்புகளைத் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்று வந்தபோது, அவர்கள் அதற்குச் சி மொழியையே எடுத்தார்கள். எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தள மென்பொருள் 2000 ஆம் ஆண்டில் டிசிஎல் என்ற நிரல்மொழிக்கான துணைக்கருவியாகப் பிறந்தது. அதன் மிகப் பழைய சோதனைத் தொகுதி இன்றும் டிசிஎல்லிலேயே எழுதப்படுகிறது. 2023 இல் வெளியான 3.42.0 பதிப்பில் நூலக நிரல் (ஏனைய மென்பொருட்கள் தம்முடன் சேர்த்துப் பாவிக்கும் பகுதி) ஏறத்தாழ 1,55,800 வரிகள். சோதனைப் பக்கம் அதைப் போல 590 மடங்கு என்று அவர்களே கணக்குக் காட்டியிருக்கிறார்கள். அத்தனையும் ஒரே மொழியில் இல்லை. டிசிஎல் ஒருபுறம், சி மொழியில் எழுதிய தொகுதி இன்னொருபுறம் என, தனித்தனியே உருவாக்கிய நான்கு சோதனைத் தொகுதிகள் அங்கே உண்டு. ‘ஒரு திட்டம், ஒரு சோதனை மொழி’ என்று விதி கூறுபவர்கள் எஸ்கியூலைட்டை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

நீங்கள் கேட்கும் விவாதம் மிக வெளிப்படையாக நடந்திருப்பது போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத் திட்டத்தில். அங்கே 2014 இல் வந்த 9.4 பதிப்பிலிருந்து, சேவையகத்தை எழுப்பி, நிறுத்தி, பிரதியெடுத்துப் பார்க்கும் சோதனைகள் பேர்ளில் எழுதப்படுகின்றன. இன்று புதிதாக வரும் இளையவர்களில் பேர்ள் படித்தவர் அரிது. பைதன் படிக்காதவர் அரிது. ஆகவே பைதனைச் சேர்ப்போம் என்ற யோசனை எழுந்தது. அதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் எனக்கு மிக வலுவாகத் தோன்றுவது ஒன்று: அங்கே ஒவ்வொரு பெரும் பதிப்பையும் ஐந்து ஆண்டுகளுக்குப் பேணுகிறார்கள். இன்று கண்டுபிடித்த வழுவுக்கான திருத்தத்தையும், அதன் சோதனையையும், பழைய பதிப்புகள் அனைத்துக்கும் கொண்டுபோக வேண்டும். பழைய பதிப்பில் பைதன் சட்டகமே இல்லையென்றால் புதிய சோதனை அங்கே போய் நிற்க இடமில்லை. ஆகவே ஒரு மொழியை இன்று சேர்த்தாலும், அதன் முழுப் பயனைப் பெற ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை இரண்டையும் சுமக்க வேண்டும்.

பைதன் அங்கே முற்றாக அந்நியமும் இல்லை. 2023 இல் வந்த 16 ஆம் பதிப்பு, நிரலை இயங்கும் மென்பொருளாக ஆக்கித் தரும் மெசன் என்ற கட்டுமானக் கருவியை ஏற்றது. மெசன் பைதனில் ஓடுவது. 2025 இல் வந்த 18 ஆம் பதிப்பில், வேறொரு சேவையகம் தரும் அனுமதியைக் கொண்டு நுழையவிடும் ஓஆத் அடையாளச் சரிபார்ப்பு வந்தபோது, அதைச் சோதிக்க ஒரு போலி அனுமதிச் சேவையகம் தேவைப்பட்டது. அந்தச் சேவையகத்தைப் பைதனில் எழுதி, அதை எழுப்புவதையும் விடையைப் பார்ப்பதையும் பேர்ளிடமே விட்டார்கள். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. வாசலைத் திறந்தார்கள், ஆனால் வீட்டுச் சாவியைக் கொடுக்கவில்லை. கேர்ள் என்ற தரவிறக்கக் கருவியும் இதே பாதையில்தான் போனது: சோதனைகளை நடத்தும் முதன்மை நிரல் பேர்ள், இணையப் பக்கங்களைப் பரிமாறும் எச்.டி.டி.பி முறையின் புதிய பதிப்புகளுக்கான சோதனைகள் பைதன்.

கேள்வி (புதுக்குடியிருப்பு, ஆசிரியர்): எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் உபுண்டு 18.04 போட்ட பழைய கணினிகளே உண்டு. இணையம் என் கைபேசியின் டேற்றாவில்தான். பைதன் வந்தால் ஒவ்வொரு பிள்ளையும் எதை எதையோ தரவிறக்க வேண்டி வராதா?

பதில்: வரும், அதைத் தடுக்க முடியும். பைதனுடன் யுனிட்டெஸ்ட் என்ற சோதனைத் தொகுதி 2001 இல் வந்த 2.1 பதிப்பிலிருந்தே சேர்ந்து வருகிறது. அதற்கு ஒரு பைட்டும் தரவிறக்கத் தேவையில்லை. பலரும் விரும்பும் பைடெஸ்ட் அப்படி இல்லை. அது தனிப்பொதி, தன்னுடன் வேறு சில பொதிகளையும் இழுத்துக்கொண்டு வரும். எழுதுவதற்குப் பைடெஸ்ட் இனிமையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கிளிநொச்சித் திட்டத்துக்கு அதை வேண்டாம் என்பேன்.

உங்கள் கணினிகளைப் பற்றி ஒரு குறிப்பு. உபுண்டு 18.04 உடன் வருவது பைதன் 3.6. ஒரு சொல் ஏற்கெனவே நியம வடிவில் இருக்கிறதா என்று நேரே கேட்கும் வசதி 3.8 இல்தான் வந்தது. ஆகவே புதியவர்கள் தங்கள் புது மடிக்கணினியில் அதைப் பாவித்துச் சோதனை எழுதினால், உங்கள் ஆய்வுகூடத்தில் அத்தனை சோதனைகளும் விழும். பிள்ளைகள் மென்பொருள் பழுதென்று நினைப்பார்கள். சொல்லை நியம வடிவுக்கு மாற்றி, மாற்றியதும் மூலமும் ஒன்றா என்று ஒப்பிட்டால் 3.6 இலும் அதே விடை கிடைக்கும். எந்தப் பதிப்பு வரை தாங்க வேண்டும் என்று ஓர் எண்ணைக் குறித்து, அந்தப் பதிப்பில் வாரம் ஒருமுறையாவது ஓட்டிப் பார்ப்பது அந்தக் குழுவின் கடமை. எப்போதாவது வெளிப்பொதி கட்டாயம் தேவைப்பட்டால், இணையம் உள்ள ஓர் இடத்தில் பொதிக் கோப்புகளைத் தரவிறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோய், இணையமில்லாமல் நிறுவலாம். அதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (மன்னார்): சோதனை நிரல் பயனரின் கணினிக்குப் போவதே இல்லை. அதை எந்த மொழியில் எழுதினால் என்ன? இதற்கு இவ்வளவு வாக்குவாதம் தேவையா?

பதில்: 2024 மார்ச் 29 க்கு முன்பு நானும் ஏறத்தாழ இப்படித்தான் சொல்லியிருப்பேன். அன்றுதான் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு ஒன்று வைக்கப்பட்டிருப்பது வெளிவந்தது. அதைக் கண்டுபிடித்தவர் அன்ட்ரெஸ் பிரெயுண்ட். மேலே சொன்ன போஸ்ட்கிரெஸ்கியூஎல் திட்டத்தின் நிரலாளர்களில் ஒருவர். தொலைவிலிருந்து தம் கணினிக்குள் நுழையும்போது வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்து, அந்த அரை வினாடியைத் துரத்திக்கொண்டு போனார்.

கள்ளநிரல் எங்கே ஒளிந்திருந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது. சோதனைக்காக என்று வைக்கப்பட்டிருந்த, பழுதடைந்த சுருக்கக் கோப்புகளுக்குள் அது இருந்தது. சுருக்கக் கருவி ஒன்றின் சோதனைகளில் வாசிக்க முடியாத கோப்பு இருப்பது இயல்பு என்பதால், அதைத் திறந்து பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. கட்டுமானத்தின்போது ஒரு சிறிய ஸ்கிரிப்ட் அதைப் பிரித்தெடுத்து நூலகத்துக்குள் சேர்த்துவிட்டது. சோதனைக் கோப்புறை பயனரிடம் போவதில்லை என்ற எண்ணமே அங்கே மறைப்பாகப் பயன்பட்டது.

அந்தச் சம்பவத்துக்கும் புதிய மொழிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் பாதிப்பேருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் சோதனைகள் வந்து குவியும்போது, அவற்றைச் சரிபார்க்கும் கண்களும் பாதியாகின்றன. வெளிப்பொதிகள் சேர்ந்தால், அந்தப் பொதியை எழுதிய முகமறியாத ஒருவரின் நிரல் ஐந்து பேரின் கணினியிலும் அவர்களுடைய சொந்த அனுமதியுடன் ஓடுகிறது. கிளிநொச்சித் திட்டத்துக்கு ஒரு வசதி இருக்கிறது: பாமினிக் கோப்பு என்பது வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் தட்டினால் ‘தமிழ்’ வரும் என்று எங்கள் ஊர்த் தட்டச்சு நிலையத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தக் கோப்புகளை எவரும் திறந்து வாசிக்கலாம். அவற்றை ஒருபோதும் சுருக்கிய கோப்பாகச் சேமிக்க வேண்டாம்.

கேள்வி (மாங்குளம்): ஐந்து பேர் இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது வாக்கெடுப்பு வைப்பதுதானே முறை?

பதில்: வாக்கெடுப்பில் மூன்றுக்கு இரண்டு என்று வென்றுவிடலாம். அதன் பிறகு தோற்ற இருவரும் அந்தக் கோப்புறையைத் தொடமாட்டார்கள். ஐந்து பேர் செய்த வேலையை மூவர் செய்ய வேண்டி வரும். இரணைமடுவின் கீழ்ச் சிறுபோகத்துக்கான கூட்டத்துக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். எத்தனை ஏக்கர், எந்தத் திகதிக்கு முன் விதைக்க வேண்டும், எந்தத் திகதிக்குப் பின் தண்ணீர் இல்லை என்பதெல்லாம் கூட்டத்திலேயே பேசி எழுதப்படுகின்றன. பிந்தி விதைத்துவிட்டு வாய்க்காலில் நின்று சண்டை பிடிப்பவருக்கு அந்த எழுத்தைக் காட்டலாம்.

அதைப் போல ஒரு பக்கத்துக்கு மேற்படாத குறிப்பொன்றை எழுதி, களஞ்சியத்துக்குள்ளேயே வையுங்கள். எவ்வகைச் சோதனைக்குப் பைதன், எவ்வகைக்கு ஷெல், குறைந்தபட்சப் பதிப்பு எது, வெளிப்பொதி கூடாது, பெயர் கொடுத்த இருவர் யார், எந்தத் திகதியில் மீண்டும் கூடிப் பார்ப்பது, எது நடந்தால் பைதனைக் கைவிடுவது என்பன அதில் இருக்க வேண்டும். கடைசி வரியை எழுத எவரும் விரும்பமாட்டார்கள். அதையே முதலில் எழுதச் சொல்வேன். கனடாவில் இருப்பவர் அந்த வரியைப் பார்த்த பிறகுதான் சம்மதிப்பார் என்பது என் ஊகம்.

இன்னொன்றும் அதில் சேர வேண்டும். சோதனை எந்த மொழியில் இருந்தாலும் வெளியீடு ஒரே வடிவில் இருக்கட்டும். பேர்ள் 1987 இல் முதன்முதலில் வெளிவந்தபோது அதன் சோதனைகளுக்காகப் பிறந்த டப் என்ற எளிய வடிவம் இன்றும் வாழ்கிறது: முதல் வரியில் மொத்தம் எத்தனை சோதனைகள் என்ற எண், பிறகு ஒவ்வொரு வரியிலும் ‘ஓகே’ அல்லது ‘நொட் ஓகே’, அதன் அருகே இலக்கம். ஷெல்லாலும் அச்சிடலாம், பைதனாலும் அச்சிடலாம். ஓட்டிப் பார்ப்பவருக்கு உள்ளே எந்த மொழி என்று தெரியவேண்டியதே இல்லை. பேர்ளுடன் வரும் புரூவ் என்ற கட்டளை எம்மொழியில் எழுதிய சோதனையையும் ஓட்டி, இவ்வரிகளைக் கூட்டித் தரும்.

இவ்வளவு கண்டிப்பாகப் பேசுவதற்கு என் சொந்தக் கதை ஒன்றும் காரணம். பல ஆண்டுகளுக்கு முன்பு வவுனியாவில் ஓர் அலுவலகத்தில், களஞ்சியப் பொருட் கணக்கு மென்பொருளுக்குச் சோதனை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அலுவலகம் முழுவதும் பி.எச்.பி. தெரிந்தவர்கள். நான் அப்போது ரூபி மொழி மீது மையல் கொண்டிருந்தேன். எவரையும் கேட்காமல் எண்பது சோதனைகளை ரூபியில் எழுதினேன், அழகாகவும் இருந்தன. பத்து மாதத்தில் வேலை மாறிப் போய்விட்டேன். பின்னர் ஒருநாள் எதற்கோ அங்கே போனபோது அந்தக் கோப்பைத் திறந்து காட்டினார்கள். தோற்ற ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால், அதை ஓடவிடாமல் நிறுத்தும் ஒரு ஹேஷ் குறி போடப்பட்டிருந்தது. முதலில் இரண்டு, பிறகு ஏழு, கடைசியில் ஒரு பக்கம் முழுவதும். என்ன சொல்கிறதென்று விளங்கவில்லை, சிவப்பாக வந்ததால் மூடினோம் என்றார்கள். மூடப்பட்டவற்றில் ஒன்று, திரும்பி வந்த பொருளை இருமுறை கணக்கில் சேர்க்கும் வழுவைச் சரியாகவே பிடித்திருந்தது. பழியை அவர்கள் மீது போட எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி (நெடுங்கேணி): பழைய முந்நூறு சோதனைகளையும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்து ஒரே நாளில் பைதனுக்கு மாற்றிவிட்டால் மொழிப் பிரச்சினையே இராதே?

பதில்: மாற்றும் வேலை ஒரு நாளில் முடியக்கூடும். மாற்றியவை முன்பு பிடித்த அதே தவறுகளை இப்போதும் பிடிக்கின்றனவா என்று அறிய, மென்பொருளுக்குள் வேண்டுமென்றே தவறுகளைச் செருகி முந்நூறையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். எதை மாற்றினாலும் பச்சையாகவே, அதாவது தேறியதாகவே, இருக்கும் சோதனை, இல்லாத சோதனையைவிடக் கேடு. மேலும் பைதனும் நிலையாக நிற்கும் மொழி என்று எண்ண வேண்டாம்: பைதன் 2 இன் ஆயுள் 2020 ஜனவரி 1 உடன் முடிந்தது, 2023 இல் வந்த 3.12 பதிப்பு, பலர் தங்கள் சோதனைகளில் போலி மின்னஞ்சல் சேவையகமாகப் பாவித்துவந்த எஸ்எம்டிபிடி தொகுதியை நீக்கிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் ஷெல் ஸ்கிரிப்டை அதன்பாட்டில் விடுங்கள்.

கேள்வி (பரந்தன்): பைதனுக்குப் பதிலாக ரஸ்ட் மொழி?

பதில்: லினக்ஸ் இயங்குதளத்தின் கருவகம் 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் ரஸ்ட்டை உள்ளே எடுத்தது; அது மென்பொருளின் உடலுக்கு, நினைவகத் தவறுகளைக் குறைப்பதற்கு. பாமினி மாற்றியின் உடலையே ரஸ்ட்டில் எழுதும் எண்ணம் என்றால் அதைத் தனியே பேசலாம். ஒப்பிட்டுப் பார்க்கும் முப்பது வரிச் சோதனைக்கு ஒவ்வொரு முறையும் தொகுத்துக் காத்திருக்க வேண்டிய மொழி தேவையில்லை.

கேள்வி (அறிவியல் நகர், முதற் கடிதக்காரரின் இரண்டாம் கடிதம்): ஐயா, எழுத்துக் குறிப்பைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டோம். தோற்ற சோதனையின் செய்தி எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் இப்போது இரண்டு கருத்து. தமிழிலா, ஆங்கிலத்திலா?

பதில்: ‘ஓகே’, ‘நொட் ஓகே’ என்ற வரிகள் கருவி வாசிப்பதற்கானவை, அவற்றைத் தொட வேண்டாம். அதற்குக் கீழே மனிதர் வாசிக்கும் விளக்கம் தமிழில் இருப்பதே நல்லது, ஐந்து பேரும் தமிழர் என்பதாலும், பேசப்படும் பொருள் தமிழெழுத்து என்பதாலும். ஆனால் சொல்லை மட்டும் அச்சிட்டால் பழைய கதைதான். ஒவ்வொரு குறியையும் பிரித்து, அதன் யுனிகோட் எண்ணுடன் வரிசையாகப் போடுங்கள்: ந, 0பிஏ8, கொம்பும் அரவும் சேர்ந்த குறி, 0பிசிஏ என்று எதிர்பார்த்த வரியில், ந, 0பிஏ8, கொம்பு, 0பிசி6, அரவு, 0பிபிஈ என்று கிடைத்த வரியில். எண்ணிக்கையையும் சேருங்கள். அப்போது ‘கிளிநொச்சி’ ஒரு வரியில் 10 குறிகளாகவும் அடுத்த வரியில் 11 குறிகளாகவும் நிற்கும். எண்களை மட்டும் ஆங்கில எழுத்திலேயே அச்சிடுங்கள், தேடுபொறியில் ஒட்டிப் பார்ப்பவருக்கு அதுவே உதவும்.

இதை ஷெல் சோதனைகளின் பக்கத்திலும் செய்ய முடியும் என்று கனடாவில் இருப்பவர் சொல்லக்கூடும். சொன்னால் அவரையே அந்த ஸ்கிரிப்டை எழுதித் தரச் சொல்லுங்கள். நானும் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.